பேய் கட்டியிருந்த கைக்கடிகாரம்

பூசாரி குனிந்து விருத்தாசலத்தின் கால்களைச் சேர்த்துப் பிடித்துச் சங்கிலியைச் சுற்றப் போனபோது, அதன் மறுமுனையைக் காந்திமதி பிடித்துக்கொண்டாள். குளிப்பாட்டி, திருநீறு பூசி, புது வேட்டி போர்த்தி, வீட்டு வாசலில் பெஞ்சின்மேல் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றி நின்ற பெண்களின் அழுகை சட்டென்று நின்றுபோனது.

"சங்கிலி வேணாம்," என்றாள்.

பூசாரி சீனுவாசனைப் பார்த்தார். சீனுவாசன் செத்தவரின் தம்பி. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து அனந்தபுரம் போய், பூசாரியையும் சங்கிலியையும் வாசற்படியில் அடிக்க ஆணிகளையும் சேர்த்துக் கொண்டுவந்தவன்.

"அண்ணி, நீங்க கம்முனு இருங்க. ஊரே சொல்லுது. பேயப் பாத்துப் பயந்து போன உசுரு. கட்டாம எடுத்தா நம்ம வூட்டையே சுத்திக்கினு கெடக்கும்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவன். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அவன் நம்பியதற்குக் காரணமும் இருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு பேய்ப்படம் கூடாரக் கொட்டகையில் ஓடியபோது அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் போயிருந்தார்கள். காசில்லாமல் எடுத்த படம். ஒரே வீடு, ஒரே கிணறு. பேயைக் கடைசிவரை காட்டவே இல்லை. கதவிடுக்கில் ஒரு கை மட்டும் வரும், அவ்வளவுதான். அந்தக் கைக்கே கொட்டகையில் பாதிப்பேர் எழுந்து ஓடினார்கள். விருத்தாசலமும் ஓடினார். அப்போதுதான் அவருக்கு ரயில்வேயில் கேட் கீப்பர் வேலை கிடைத்து, மயிலத்துக்குத் தெற்கே வயல்வெளிக்கு நடுவில் இருந்த கேட்டில் தனியாக ராத்திரி டூட்டி போட்டிருந்தார்கள். கேட் ரூமின் கதவைப் பார்க்காமல் இருப்பதற்காக, பனியிலும் மழையிலும் வெளியிலேயே உட்கார்ந்திருப்பாராம். கல்யாணமான புதிதில் ஒருநாள் மெல்லிய குரலில் இதைக் காந்திமதியிடம் சொன்னார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவர் எதற்குமே சிரித்தவரில்லை. கோபக்காரர் என்றும் சொல்லிவிட முடியாது. யாராவது தமாஷ் பேசினால் அதில் ஏதோ தகவல் இருப்பதைப்போல் கவனமாகக் கேட்டுக்கொள்வார். ரயில் வரும் நேரத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டே வாழ்ந்த மனுஷன். அந்த மனசில் வேறெதற்கும் இடமில்லையோ என்னவோ. பிள்ளை இல்லாத வீட்டில் அந்த அமைதி அவளுக்குப் பழகிவிட்டது.

அதே படத்தைக் கலரில் திரும்ப எடுத்திருக்கிறார்கள் என்று திண்டிவனத்தில் சுவரொட்டி ஒட்டியபோது, அவராகவேதான் வந்து, போகலாமா என்று கேட்டார். அவள் வியந்துபோனாள். ஓய்வு நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மத்தியானக் காட்சிக்கு அவளை அழைத்துப் போனார். அங்கேதான், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, உயிர் போனது.

சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் செய்தி பரவிவிட்டது. அதுவரை அந்தப் படத்தைக் காறித் துப்பாதவர்கள் இல்லை. துக்கத்துக்கு விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் வந்திறங்கிய ரயில்வேக்காரர்கள் வேலியோரம் நின்று இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். விழுப்புரத்தில் போன வாரம் போட்டு மூன்றே நாளில் தூக்கிவிட்டானாம். பேய் ஜிகினாப் புடவை கட்டிக்கொண்டு, புகைக்கு நடுவில் ஆறு பேரோடு டான்ஸ் ஆடுகிறதாம். பறக்கும்போது கயிறு தெரிகிறதாம். பழைய படத்தின் அந்த ஒரு கைக்கு இது முழுசும் ஈடாகாது என்று ஒருவர் சொன்னார். ஆனால் ஒரு ஆளையே அடித்திருக்கிறதே என்று கண்ணையன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். விருத்தாசலத்தோடு மாற்று டூட்டி பார்த்தவர் அவர். நேற்று ராத்திரி ஆட்டத்துக்குத் தெரு வரைக்கும் கூட்டம் நின்றதென்றும், பொம்பளைகள் வேப்பிலையை முடிந்துகொண்டு உள்ளே போனார்கள் என்றும் உள்ளூர்க்காரன் ஒருவன் சொன்னான். வேடிக்கை என்று எண்ணியதெல்லாம் இப்போது அவர்களுக்குப் பயமாகிவிட்டது.

காந்திமதி சங்கிலியை விடவில்லை.

"அவரு பயந்து சாவல," என்றாள். "சிரிச்சிக்கினே போனாரு."

எதிர்பாராதது நடந்தது. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். ஆனால் பெண்கள் ஓரடி பின்வாங்கினார்கள். நாத்தனார் பாஞ்சாலி வாயில் கைவைத்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் சிரிக்காதவன் சாகும்போது சிரித்தான் என்றால், சிரித்தது அவனா? பூசாரி நிமிர்ந்து, அப்படியென்றால் ஒரு சங்கிலி போதாது என்றார்.

நடந்தது காந்திமதிக்கே முழுசாகப் புரிந்திருக்கவில்லை. கொட்டகை இருட்டில் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. இருமுகிறார் என்று நினைத்துத் திரும்பினாள். தோள்கள் குலுங்கின, கண்ணில் தண்ணீர் வழிந்தது, வாயெல்லாம் திறந்திருந்தது. அவருடைய கடைவாய்ப் பற்களை அவள் அன்றுவரை பார்த்ததே இல்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்தில் என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது. கூட்ஸ் வண்டி போகும்போது கேட் ரூம் அதிர்வதைப்போல நாற்காலியெல்லாம் அதிர்ந்ததாக மட்டும் ஒரு நினைவு.

அந்த நேரத்தில்தான் வாசலில் முன்பின் பார்த்திராத ஒரு அம்மாள் வந்து நின்றாள். கழுத்தில் சிலுவை தொங்கியது, கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். கேட்காரர் வீடு இதுதானா என்று கேட்டுவிட்டு, பெஞ்சைப் பார்த்துச் சிலுவைக் குறி போட்டாள். பொட்டலத்தில் காந்திமதியின் செருப்பு இருந்தது. நேற்று அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிய அவசரத்தில் நாற்காலிக்கு அடியிலேயே விட்டுவந்தது. தன் பெயர் சவுரியம்மாள் என்றாள். சொந்த ஊர் வானூர், தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில் படத்துக்குப் போயிருக்கிறாள். இவர்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

சீனுவாசன் அவளைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் சிரித்தாரா, பயந்தாரா, நீ பார்த்ததைச் சொல் என்றான்.

சவுரியம்மாள் சங்கிலியைப் பார்த்தாள், பூசாரியைப் பார்த்தாள். நிலைமை அவளுக்குப் புரிந்துவிட்டது.

"படம் நல்லாவே இல்லீங்க," என்று தொடங்கினாள். "ஜனம் கத்திக்கினு, நாற்காலிய ஒதைச்சிக்கினு இருந்தாங்க. பாதி பேரு எழுந்து போய்க்கினு இருந்தாங்க. பேயி பறந்து வந்து ஒருத்தன் கழுத்தப் புடிக்குது. கையத் தூக்குதா, அந்தக் கையில வாட்ச்சு. நடிக்கிற பொண்ணு அவுக்க மறந்துட்டா போல. அத இந்த அய்யாதான் மொதல்ல பாத்தாரு. 'காந்தி, பாரு, பேயி டூட்டிக்கு டைம் பாக்குது'ன்னாரு. அந்தக் கூச்சல்ல அம்மா காதுல வுழல போல. சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க..."

அவள் நிறுத்தினாள். வேலியோரம் நின்ற ரயில்வேக்காரர்கள் அருகே வந்திருந்தார்கள்.

"எனக்கு மொதல்ல கோவந்தான் வந்தது. அப்புறம் எனக்கும் வந்துடுச்சி. என் தங்கச்சிக்கு வந்துச்சி. முன் வரிசைக்கு, அதுக்கும் முன் வரிசைக்குன்னு போய்க்கினே இருந்தது. எதுக்குச் சிரிக்கிறோம்னே முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. எழுந்து போனவங்க வாசப்படியில நின்னு திரும்பிப் பாத்து அவங்களும் சிரிக்கிறாங்க. கொட்டாயே ஆடிப்போச்சு. என் வூட்டுக்காரரு தவறினதுல இருந்து நான் அப்படிச் சிரிச்சதில்லீங்க. அய்யா தலைய நாற்காலியில சாச்சாரு. சிரிச்சிச் சிரிச்சி அலுத்துட்டாருன்னுதான் நெனச்சேன்."

காந்திமதி சங்கிலியை விட்டுவிட்டாள். அது மண்ணில் விழுந்தது. நாற்காலியை அதிரவைத்த அந்த இரைச்சல் படத்திலிருந்து வந்ததென்றே அவள் நினைத்திருந்தாள். அது மனிதர்களின் சத்தம். அவர் தொடங்கிவைத்த சத்தம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதோடு சரி, தானாக யாரிடமும் போய்ப் பேசியறியாத அந்த மனிதர், ஒரு கொட்டகை முழுவதையும், முகம் தெரியாத அத்தனை பேரையும், ஒரே மூச்சில் இழுத்திருக்கிறார். அவள் பெஞ்சின் அருகே போய்த் துணி கட்டியிருந்த அவர் தாடையை, புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கண்ணையன் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். டூட்டிக்கு டைம் பாக்குது என்று ஒருதரம் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். சீனுவாசன் குனிந்து சங்கிலியைப் பொறுக்கிப் பூசாரியின் பையில் போட்டு, பஸ் வரைக்கும் கூட அனுப்ப ஆள் ஏற்பாடு செய்தான். ஆணிகளையும் கொடுத்தனுப்பிவிட்டான்.

உச்சி வெயிலுக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். மேளம் தெருமுனை திரும்பித் தேய்ந்து மறைந்தது. பெண்கள் வாசலைக் கழுவிவிட்டு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். சவுரியம்மாளைப் போகவிடாமல் காந்திமதி தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். எங்கோ ஒரு சேவல் கூவியது.

பிறகு காந்திமதி கேட்டாள், "அந்த வாட்ச்சு எந்தக் கையில இருந்தது?"

சவுரியம்மாள் யோசித்தாள். இடது கை என்றாள். கழுத்தைப் பிடித்தது எந்தக் கை என்று பாஞ்சாலி கேட்டாள். சொல்லத் தெரியாமல், சவுரியம்மாள் எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேய் பறந்து வந்ததைச் செய்து காட்டினாள். இடையில் நின்று, முந்தானையைச் சரிசெய்து, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியபோது வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. முன்னால் வந்த சீனுவாசன் அழுகை என்று எண்ணி வேகமாக நடந்தான். வாசலை நெருங்கியதும் நின்று, பின்னால் வருகிறவர்களைக் கைகாட்டி நிறுத்தினான். குளித்த ஈர வேட்டிகளோடு அவர்கள் தெருவிலேயே நின்றார்கள். காலடியில் சொட்டிய தண்ணீரை மண் குடித்துக்கொண்டிருந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை.