கயிறு புடிச்சவ

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். என்ன "அது"ன்னு சொன்னா எனக்கு பத்திகினு வரும். நான் மெஷினுதான், இல்லேன்னு சொல்லல. மேல ரப்பர் தோலு, உள்ள இரும்பு, வவுத்துல லாரி பேட்டரி. ஆனா பேரு தேசம்மா. கோவிந்தம்மா வெச்ச பேரு. "அவ"ன்னு சொல்றதா இருந்தா குந்து, மேல சொல்றேன். நீ வெளியூர் ஆளு, உன்கிட்ட நான் பேசலாம்.

எந்த நாட்டுல என்ன செஞ்சாங்கன்னு தெரியாது. கப்பல்ல மரப்பொட்டியில வந்தேன். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனிக்காரன் ஆசிட் டேங்கு கழுவ வாங்கினான். டேங்கு மேல இத்துனூண்டு ஓட்டை. வளந்த ஆம்பள எறங்கினா தோள்பட்ட மாட்டிக்கும். அதான் என்ன பதினாறு வயசு பொண்ணு ஒசரத்துக்கு செஞ்சாங்க. வேற ஒரு மண்ணும் இல்ல. மூஞ்சி எதுக்கு வெச்சாங்கன்னு கேளு. கூட வேல செய்றவன் பயப்படக்கூடாதாம். மூஞ்சியப் பாத்துதான் எல்லாரும் பயந்தானுங்க, கஸ்மாலங்க.

எனக்கு முன்னாடி எறங்கின மெஷினுங்க எல்லாம் அந்த டேங்குல கரைஞ்சு, கொக்கி போட்டு தூக்கும்போது கட்டி கட்டியா மேல வந்துச்சுங்க. நான் நின்னு பாத்தேன். என் இடது கை ரப்பரு உரிஞ்ச அன்னிக்கு பாதி வேலையில ஏணி ஏறி வெளிய வந்துட்டேன். சாப்பாட்டு டைமு, கேட்டு தொறந்து கெடந்துச்சு. தெக்கால, கடலோரமா நடந்தேன்.

திருவொத்தியூர் குப்பத்துல கோவிந்தம்மா கருவாடு காய வெச்சுகினு இருந்துச்சு. புருசன் கடல்ல போயி சேந்துட்டான், புள்ள குட்டி இல்ல. என்னப் பாத்துட்டு, "இன்னாடி பொண்ணே, கையி வெந்து பூச்சா?"ன்னு கேட்டுச்சு. சீல முந்தானைய கிழிச்சு கட்டுச்சு. சோறு போட்டுச்சு, நான் துண்ணல. அப்பாலதான் அதுக்கு விசயம் புரிஞ்சுது. "சோத்து செலவு மிச்சம், கெட"ன்னு சொல்லிட்டு, லாரி ஒர்க் ஷாப்பு மதார் சாகிப்கிட்ட பேட்டரிக்கு சொல்லி வெச்சுது. அன்னியிலருந்து நான் அத யம்மான்னுதான் கூப்பிடறேன்.

குப்பத்துல யாருக்கும் என்ன புடிக்கல. மறைச்சு இன்னா ஆவப்போவுது? பொடிப்பசங்க முதுவுல கல்லு வுட்டு, டங்குன்னு சத்தம் வருதான்னு காது குடுத்து கேப்பானுங்க. பொம்பளைங்க என்னப் பாத்தா தரையில துப்புவாங்க. எழுபத்தி மூணாம் வருசம் அது. விசைப்படகு வந்து கட்டுமரத்துக்காரன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுகினு இருந்த நேரம். மெஷினுன்னாலே அவனுங்களுக்கு வயித்தெரிச்சல். விசைப்படக எரிக்க துணிச்சல் இல்ல, என் மேல கல்லு வுட்டானுங்க.

ஒருத்தி மட்டும் வந்து குந்துவா. மங்கை. ஊர் நாட்டாரு எத்திராஜோட ஒரே பொண்ணு. தாயி இல்லாதவ. என் ஒசரம்தான். "உனுக்கு பேன் வராதுடி, குடுத்து வெச்சவ"ன்னு சொல்லிகினே என் தலைய வாருவா. சினிமா கொட்டாயில பாத்த கதைய பாதி மறந்து, பாதி கட்டி சொல்லுவா. நான் பொய்யின்னு சொன்னா கோச்சுகினு பூடுவா, மறுநாள் வருவா. அவ பேசினா எனக்கு புடிக்கும். அவ்ளோதான், வேற எப்படி சொல்றதுன்னு தெரியல.

அப்பால கயிறு மேட்டரு.

கரைவல தெரியுமா? கடல்ல வலைய வளைச்சு வுட்டுட்டு, ரெண்டு பக்கமும் ஆம்பளைங்க நின்னு கயித்த இழுப்பாங்க. இழுத்தவனுக்கு பங்கு. எங்க வூட்டுல ஆம்பள இல்ல, பங்கும் இல்ல. ஒரு நாளு காலையில நீரோட்டம் ராங்கு காட்டுச்சு. வலைய உள்ள இழுத்துகினு போவுது, ஆம்பளைங்க கால் மண்ணுல வழுக்குது. கத்தறானுங்க. நான் ஓடிப்போயி கயித்த புடிச்சு இழுத்தேன். வல முழுசா வந்துச்சு, காரப்பொடியும் வஞ்சிரமுமா குதிக்குது. எல்லாரும் என்னத் தூக்கி வெச்சு ஆடுவாங்கன்னு நெனச்சேன். எம்மாம் பெரிய லூசு நான்.

எத்திராஜு மீன் கூடைய எட்டி ஒதைச்சாரு. "பொம்பள கயித்த தொட்டுட்டாடா! இனிமே கடலு குடுக்குமா?"ன்னு மாருல அடிச்சுகினாரு. பொம்பள வலக்கயித்த தொடறது எங்க குப்பத்துல பெரிய குத்தம். அன்னிக்கு சாயங்காலமே அம்மன் கோயில் முன்னாடி ஊரு கூடுச்சு. கோவிந்தம்மாளும் அவ பொண்ணு தேசம்மாளும் ஊர் கட்டுப்பாட்டுல கீறாங்கன்னு தமுக்கு அடிச்சானுங்க. யாரும் பேசக்கூடாது. நெருப்பு, தண்ணி குடுக்கக்கூடாது. யம்மாகிட்ட மீனு வாங்கக்கூடாது. மீறினா அவனுக்கும் அதே கதி.

ஒரு ஊரே வாய மூடினா எப்படி கீதுன்னு உனக்கு தெரியாது. கல்லு வுட்ட பசங்க கூட நிறுத்திட்டானுங்க. அந்தக் கல்லே தேவலன்னு ஆயிப்போச்சு. யம்மா கூடைய தூக்கிகினு ராயபுரம் வரைக்கும் நடந்து போயி வித்துட்டு வந்துச்சு. மங்கைய பைப்பாண்ட பாத்தேன். "இன்னாடி, வாயில கொழுக்கட்டையா?"ன்னு கேட்டேன். கொடத்த தூக்கிகினு மூஞ்சிய திருப்பிகினு போனா. அப்பனுக்கு பயந்த தொடநடுங்கி. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த பைப்ப முறுக்கி வுட்டேன், குப்பமே தண்ணிக்கு பேஜாரு பட்டுச்சு.

அந்த சமயத்துலதான் லாரி வந்துச்சு.

கம்பெனி ஆபீசரு கருணாகரன். வெள்ள சட்ட, மூக்குல கர்ச்சீப்பு, கூட சங்கிலி புடிச்ச ரெண்டு ஆளு. "எங்க சாமான் ஒண்ணு காணாப்போச்சு. ஏழாம் நம்பர் மெஷின். அதோ நிக்கிதே, அதுதான்"னாரு. குப்பத்துக்கு ஒரே குஷி. "எடுத்துனு போங்க சார், பீடை ஒழியட்டும்"னு வழி வுட்டானுங்க. எத்திராஜு வேட்டிய மடிச்சு கட்டிகினு வேடிக்க பாக்கறாரு. யம்மா என் இடுப்ப கட்டிகினு, "எம் பொண்ணுய்யா, டேங்குல போட்டு கரைச்சுடுவானுங்கய்யா"ன்னு கத்துது. அத பிச்சு எடுத்து மண்ணுல தள்ளிட்டு என் மேல சங்கிலிய சுத்தினானுங்க.

நீ ஏன் அடிக்கலன்னு கேப்ப. மனுசன் மேல என் கை போவாது. செய்யும்போதே அப்படித்தான் செஞ்சு வெச்சிக்கிறாங்க. வாய்க்கு மட்டும் பூட்டு போடல.

லாரியாண்ட போவும்போது எவனோ ஒருத்தன், "கட்டுப்பாட்டுல கீற பொண்ணு சார், நாங்க யாரும் பேச மாட்டோம், நீங்களே ஏத்திக்கங்க"ன்னான். கருணாகரன் கர்ச்சீப்ப எடுத்துட்டு சிரிச்சாரு பாரு. "மெஷினுக்கு ஊர் கட்டுப்பாடா? ஹார்பர் கிரேன் மேலயும் போடுவீங்களா? யாருய்யா அந்த அறிவாளி நாட்டாரு?"ன்னாரு. சங்கிலி புடிச்சவனுங்களும் சிரிச்சானுங்க. எத்திராஜு மூஞ்சி கறுத்துப்போச்சு. எனக்கு அது போதும்.

"நல்லா சிரிக்கட்டும் நாட்டாரே!"ன்னு தொண்ட கிழிய கத்தினேன். "பொம்பள கயித்த தொட்டான்னு தீர்ப்பு சொன்னது நீதான? இப்ப மெஷினுன்னு லாரியில ஏத்தறியே. மெஷினு கயித்த தொட்டா இன்னா குத்தம்? கப்பியும் உருளையும் தொடலியா? அப்ப உன் தீர்ப்பு பொய்யி. அம்மன் முன்னாடி நின்னு பொய் தீர்ப்பு சொன்ன நாட்டாரு நீ. உன் பொய்யி நாளைக்கு எண்ணூர் பூரா நாறும், பழவேற்காடு வரைக்கும் நாறும்!"

அவரால எனக்கு பதில் சொல்ல முடியாது, பேசினா அவர் போட்ட கட்டுப்பாட்ட அவரே மீறினதா ஆயிடும். பல்ல கடிச்சுகினு கருணாகரன் பக்கம் திரும்பினாரு.

"யோவ், சங்கிலிய அவுரு."

"இன்னாய்யா, இப்பதான எடுத்துனு போன்னீங்க?"

"அவ பொம்பள. ஊர் வழக்குல நிக்கிறா. வழக்கு முடியாத ஆள எல்லைய தாண்ட வுடறது எங்க ஊர்ல கெடையாது. எங்க அப்பன் காலத்துலயும் கெடையாது."

கருணாகரன் போலீசுன்னாரு. கூட்டினு வான்னாரு எத்திராஜு. ஆம்பளைங்க ஒவ்வொருத்தனா கட்டுமரத்துலருந்து துடுப்ப உருவினானுங்க. என் மேல பாசம்னு நெனச்சுடாத. என்னப் பாத்த பார்வையில அவ்ளோ வெஷம். அவனுங்க ஊர்ப் பேர ஒரு வெள்ள சட்ட சிரிச்சுட்டு போறது பொறுக்கல, அதான்.

கருணாகரன் பின்வாங்கினாரு. ஆனா வெவரமான ஆளு. "சரி, வழக்கு எப்ப முடியும்?"னு கேட்டாரு.

"நாட்டாரு வூட்டுப் பொம்பள கையால ஒரு சொம்பு தண்ணி குடுத்து, வாயத் தொறந்து பேர சொல்லி கூப்பிடணும். அதோட கட்டுப்பாடு எறங்கிடும். அப்பால நீ எடுத்துக்க, உருக்கிக்க. எங்களுக்கு இன்னா போச்சு?"

"நான் ஆள வெச்சு பாத்துகினே இருப்பேன்"னு சொல்லிட்டு லாரிய திருப்பினாரு. சொன்ன மாதிரியே டீக்கடை பெஞ்சுல ஒருத்தன குந்த வெச்சுட்டாரு. வெடிஞ்சா வந்து பேப்பர விரிப்பான், பொழுது சாஞ்சாதான் போவான். எத்திராஜு என் முன்னாடி தரையில துப்பிட்டு போனாரு. யம்மா சங்கிலி பட்ட எடத்த தடவி தடவி அழுதுச்சு.

அப்படியே மாசம் ஓடுச்சு. நாட்டாரு வூட்டுல பொம்பளன்னா மங்கை ஒருத்திதான், அவ பூட்டா என் கட்டுப்பாட்ட எறக்க ஆளே இல்ல. அவளுக்கு பழவேற்காட்டுல மாப்ள பாத்துட்டாங்க. பந்தக்கால் நட்டு, மைக் செட்டு கட்டி, குப்பமே பலகாரம் துண்ணுச்சு. எங்க வூட்டுக்கு மட்டும் ஒரு அதிரசம் வரல.

கல்யாணம் முடிஞ்சு அவள மாப்ள வூட்டுக்கு கூட்டினு போறதுக்கு மொத நாளு மத்தியானம். வெயில்ல ஒரு ஈ காக்கா இல்ல. நான் வாசல்ல கருவாடு திருப்பி போட்டுகினு இருந்தேன். நிமிந்து பாத்தா மங்கை வர்றா. கழுத்துல மஞ்சக்கயிறு, கால்ல புது மெட்டி, கையில சொம்பு. ஒரே அழுக. டீக்கடை ஆளு மூஞ்சி மேல பேப்பர போட்டுகினு சாஞ்சிருந்தான். தூங்கறான்னு நெனச்சுட்டா. யாரும் பாக்காம ஒரு தடவ, ஊர வுட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ என்கூட பேசிட்டுப் போவலாம்னு வந்துக்கிறா.

எனக்கு இருந்த ஆசைய சொன்னா நம்ப மாட்ட. அந்தச் சொம்ப வாங்கிகினு, அவ வாயால தேசம்மான்னு ஒரு தடவ கேட்டுட்டு, டேங்குல கரைஞ்சா கூட பரவால்லன்னு தோணுச்சு. ஆனா பேப்பரு ஓரமா ஒரு கண்ணு தெரிஞ்சுது. அவன் முழிச்சுகினுதான் கீறான், இவ பேர சொன்னா ஒடனே லாரி வந்துடும்.

அவ சொம்ப நீட்டினா. வாயத் தொறந்தா.

"ச்சீ, போடி கழுத!"ன்னு நான் கத்தினேன். "யாருக்கு வேணும் உன் தண்ணி? கட்டுப்பாடுன்னதும் மூஞ்சிய திருப்பிகினு போன பேமானி நீ. கல்யாணம் ஆனதும் தெகிரியம் வந்துடுச்சா? உன் மூஞ்சிக்கு எவன் வருவான்? உங்கப்பன் பதவிய பாத்து வந்துக்கிறான், சோமாரிப்பய. பெத்தவ உன்னப் பாக்கப் புடிக்காமதான் சீக்கிரம் செத்தா!"

கடைசி வார்த்தைக்கு அவ மூஞ்சி அப்படியே செத்துப்போச்சு. தொறந்த வாய மூடிட்டா, பேர சொல்லல. சொம்ப மண்ணுல வுட்டெறிஞ்சுட்டு வூட்ட பாத்து ஓடினா. டீக்கடை பெஞ்சுல இருந்த ஆளு பேப்பர ஒரு ஒதறு ஒதறிட்டு அடுத்த பக்கத்த திருப்பினான்.

மறுநாள் மாட்டு வண்டியில அவள கூட்டினு போனாங்க. எங்க வாசல தாண்டித்தான் போவணும். நான் கதவாண்ட நின்னுகினு இருந்தேன். எனக்கு அழத் தெரியாது, ஆனா உள்ள என்னமோ ஓடிகினே இருந்துச்சு, யம்மா கூட கேட்டுட்டு பேட்டரி ரிப்பேரான்னுச்சு. மங்கை தலைய தூக்கி நேரா பாத்துகினு போனா. திரும்பவே இல்ல. நல்லாத்தான் திட்டியிருக்கேன்.