வெளியே போய்விட்டு உள்ளே வா

குடிநுழைவு அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மலாயில் சொன்னது அகீலாவுக்கு முதலில் புரியவில்லை. மொழி புரியாமல் இல்லை. லூனாஸில் பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் போனவள் அவள். கூலிம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் நாள் முழுக்க மலாயில்தான் வேலை. சொன்ன விஷயம்தான் புரியவில்லை.

“உங்கள் கணவருக்கு அனுமதி வந்துவிட்டது. ஆனால் நீண்ட நாள் விசாவை இங்கே ஒட்ட முடியாது. அவர் நாட்டை விட்டு வெளியே போய், அங்கே இருக்கிற நம் தூதரகத்தில் ஒட்டிக்கொண்டு, திரும்ப உள்ளே வர வேண்டும்.”

“அவர் இதோ என் பக்கத்தில்தானே நிற்கிறார்?” என்றாள் அகீலா. “பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறது. அனுமதியும் நீங்கள்தான் கொடுத்தீர்கள். ஒட்டுவதற்கு எதற்கு இன்னொரு நாட்டுக்குப் போக வேண்டும்?”

“பெராத்துரான்,” என்றாள் அந்தப் பெண். விதி. அடுத்த எண்ணை அழைத்துவிட்டாள்.

ரிஸால் ராமநாதபுரத்துக்காரன். ஏர்கான் மெக்கானிக். அகீலாவின் அத்தா முகம்மது ஹனீபாவுக்கு ஒரு வகையில் தூரத்துச் சொந்தம். கல்யாணமான நாளிலிருந்து அவன் இங்கே சுற்றுலாப் பயணியாகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தான். வந்து ஒரு மாதம் இருப்பான், நாள் முடிந்ததும் விமானம் ஏறுவான். மகள் பிறந்தபோது அவன் ஊரில் இருந்தான். மகள் நடக்கப் பழகியதையும் கைப்பேசியில்தான் பார்த்தான். வீட்டில் அகீலா குடிமகள், ஒன்றரை வயது மகளும் குடிமகள், அப்பன் மட்டும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன்.

லூனாஸில் ஹனீபா சோறும் குழம்பும் விற்கிற ஒரு நாசி கண்டார் கடை வைத்திருந்தார். போன மாதம் அந்தக் கடையில் ஏர்கான் பழுதானது. ரிஸால் எழுந்து ஏணியை எடுக்கப் போனான். ஹனீபா பதறிக்கொண்டு ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். “மாப்ள, வேணாம். நீங்க உக்காருங்க. யாராச்சும் போட்டோ புடிச்சுப் போட்டா, வேலை பாக்குறீங்கன்னு தூக்கிட்டுப் போயிருவாங்க.” வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட்டார்கள். அந்த ஆள் மூடியைக் கழற்றி எதையெதையோ தட்டிக்கொண்டிருக்க, ரிஸால் மூலை மேசையில் வாடிக்கையாளன் மாதிரி ஆற்றிய தே தாரிக் தேநீரைக் குடித்துக்கொண்டு மேலே பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். அன்று அவன் முகத்தைப் பார்த்ததிலிருந்தே அகீலாவின் நெஞ்சில் ஒரு கொதிப்பு தங்கிவிட்டது.

அதே கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் ஷம்சியா, அகீலாவின் அண்ணன் நயீமின் மனைவி. அவளும் இந்தியாவிலிருந்து வந்தவள்தான், நாகூர்க்காரி. அவளுக்கு இங்கே தங்குவதற்கான பாஸ் எடுக்க நயீம் காலையில் கூட்டிப் போனான், மதியச் சோற்றுக்கு இருவரும் வீடு திரும்பினார்கள். எந்த எல்லையையும் அவள் தாண்டவில்லை.

புறப்படுவதற்கு முன்தினம் சாப்பாட்டு மேசையில் நயீம் சொன்னான்: “ஏன் இவ்ளோ டென்ஷன் ஆவுற? தாய்லாந்து பக்கத்துலதானே. ரெண்டு நாளு ஹாலிடே மாதிரி போய்ட்டு வாலா.”

“ஒன் பொண்டாட்டிய எந்த ஊருக்கு ஹாலிடே அனுப்புனாங்க?”

“அது வேற, இது வேற.”

“என்னா வேற? சொல்லு.”

நயீம் கோழித் துண்டைப் பிய்ப்பதில் மும்முரமானான். ஹனீபாதான் மெதுவாகச் சொன்னார்: “பொண்ணுன்னா மாப்ள ஊருக்குப் போறதுதான் வழக்கம், அகீலா. நீ இங்கயேதான் இருப்பேன்னு நின்ன. அதான் இந்த அலைச்சல்.”

அத்தா திட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அதிகமாகச் சுட்டது. பதில் சொல்ல வாயெடுத்தவளை முந்திக்கொண்டு, சோறு வைத்துக்கொண்டிருந்த ஷம்சியா பேசினாள்: “எனக்குக் குடுத்தத இவங்களுக்கும் குடுக்க வேண்டியதுதானே மாமா? நானும் ப்ளேன்ல வந்து எறங்குனவதானே.” மகளை ஷம்சியாவிடம் விட்டுவிட்டு விடிந்ததும் கிளம்பினார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த சங்லூனில் காரை நிறுத்திவிட்டு வேன் பிடித்து எல்லையைத் தாண்டினார்கள். ரப்பர் மரங்கள் இந்தப் பக்கம் இருந்த மாதிரியேதான் அந்தப் பக்கமும் இருந்தன. தூதரகம் இருந்த கடலோர ஊரில் ஒரு சின்ன விடுதியில் தங்கி, மறுநாள் காலை போய் வரிசையில் உட்கார்ந்தார்கள். வாசலில் தங்கள் நாட்டுக் கொடி பறப்பதைப் பார்த்ததும் அகீலாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. நம்ம ஆட்கள், எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் தமிழில் பேச்சுக் கொடுத்தாள். இராசாத்தி என்று பெயர், பாடாங் மேஹா பக்கம் வீடு, பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. எஸ்டேட்டுக்கு ஒப்பந்தத்தில் வந்த திருவாரூர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டவள். அவர் அவளுக்கு அந்தப் பக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இது மூணாவது வாட்டி தங்கச்சி,” என்றாள் இராசாத்தி. “மொதோ வாட்டி போட்டோவுக்குப் பின்னால கலர் சரியில்லன்னாங்க. அடுத்த வாட்டி அவங்க அப்பா பேர்ல ஒரு எழுத்து வித்தியாசமா இருக்குன்னு திருப்பிட்டாங்க.”

“நீங்க ஒண்ணும் கேக்கலியா? கோவம் வரல?”

“கோவப்பட்டா நாலாவது வாட்டி வரச் சொல்லுவாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அகீலாவுக்குப் பிடிக்கவில்லை.

கவுண்டரில் இருந்தவன் இளைஞன். தாள்களைப் புரட்டிக்கொண்டே அகீலாவிடம் கேட்டான்: “நம் நாட்டில் ஆண்களே கிடைக்கவில்லையா?”

வேடிக்கையாகத்தான் கேட்டான்போல. அகீலா சிரிக்கவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று வழி நெடுக மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்திருந்ததால் அடுத்த தாளை எடுத்து நீட்டினாள். பிறகு அந்த இளைஞனே ரிஸாலை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டான். அவன் வெளியே வந்தபோது முகம் கறுத்திருந்தது.

“என்ன கேட்டாங்க மச்சான்?”

“ஒண்ணுமில்ல. வா, உக்காரு.”

“சொல்லுங்க.”

ரிஸால் தரையைப் பார்த்தபடி சொன்னான்: “யாரு எந்தப் பக்கம் படுப்பீங்கன்னான். சொன்னேன். பாப்பா பொறந்தப்ப நீ இந்தியாவுலதானே இருந்த, அது ஒன் புள்ளதான்னு ஒனக்கு எப்படித் தெரியும்னு கேட்டான்.”

அகீலா எழுந்தாள். எப்போது கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினாள். “உங்கள் மேலதிகாரியைக் கூப்பிடுங்கள்.” காவலாளி ஓடி வந்தான். அவள் குரல் உயரவில்லை. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பேசிய மலாயில், ஒவ்வொரு சொல்லாக, கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள். “நான் இந்த நாட்டின் குடிமகள். என் கணவரிடம் என்ன கேள்வி கேட்டீர்கள் என்பதை உங்கள் அதிகாரியிடம் நான் சொல்ல வேண்டும். அதுவரை இங்கேயிருந்து நகர மாட்டேன்.”

அதிகாரி வந்து அவளை அறைக்குள் அழைத்துப் போனார். நரைத்த தலை, கழுத்தில் டை, மரியாதையான பேச்சு. தண்ணீர்கூடக் கொடுத்தார். போலிக் கல்யாணங்கள் பெருகிவிட்டன, அதனால் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்றார்.

“என் அண்ணன் இந்தியாவிலிருந்து மனைவியைக் கூட்டி வந்தான். அவளிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லையே?”

“அது வேறு, புவான்,” என்றார் அவர், அம்மணி என்று மரியாதையாக அழைத்து, ரொம்பப் பொறுமையாக. “மனைவி குடும்பம் நடத்த வருகிறாள். கணவர்கள் வேலை தேடி வருகிறார்கள்.”

அகீலாவுக்கு நயீமின் முகம் நினைவுக்கு வந்தது. அது வேற, இது வேற. இத்தனை தூரம் வந்தும் அதே பேச்சு. அதிகாரி ஓர் உறுதிமொழித் தாளை நீட்டினார். கணவர் வேலை செய்ய மாட்டார், தலைமறைவாக மாட்டார், எதுவானாலும் தானே பொறுப்பு என்று மனைவி கையெழுத்துப் போட வேண்டும். “யோசித்துவிட்டு மதியம் கொண்டு வாருங்கள்,” என்றார்.

அலுவலகத்துக்கு எதிரே கடற்கரை. ஒரு மரத்தடியில் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காற்றில் அது படபடத்தது. ஜாமீன் எடுக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. எந்தக் குற்றத்துக்கு ஜாமீன்?

ரிஸால் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னான்: “ஊருக்கே போயிருவோம் அகீலா. நீயும் பாப்பாவும் அங்க வாங்க. எங்க அம்மா உன்னய ராணி மாதிரி வச்சுக்கும். எனக்கும் வேலை இருக்கு. காலைல எந்திரிச்சு வேலைக்குப் போயி மூணு வருசமாவுது புள்ள. அங்க பாதி நாளு, இங்க பாதி நாளுன்னா எவன் வேலை குடுப்பான்?”

அவன் இதுவரை ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை. அகீலாவுக்குச் சட்டென்று அவன்மீதே கோபம் வந்தது. அத்தா என்ன சொன்னாரோ, அதையேதான் இவனும் சொல்கிறான். ஆனால் அவன் கண்களைப் பார்த்ததும் கத்த வாய் வரவில்லை. இவன் அவளை அடக்கப் பார்க்கவில்லை. அவமானப்பட்டுக் களைத்துப்போயிருந்தான்.

“வர மாட்டேன் மச்சான்,” என்றாள். “ஒங்க ஊரு புடிக்காம இல்ல. நானா ஆசப்பட்டு வந்தா வருவேன். இவனுங்க வெரட்டி வர மாட்டேன். நான் பொறந்த ஊர்ல ஒங்களோட இருக்க எனக்கு உரிமை இல்லியா? எங்கண்ணனுக்கு மட்டும் இருக்கா?”

ரிஸால் பேனாவை எடுத்து நீட்டினான். “அப்ப கையெழுத்துப் போடு. எனக்குப் பாப்பாகூட இருந்தாப் போதும்.”

போட்டாள். தாளைப் பேனா கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டாள்.

மதியம் தாளைக் கொண்டுபோய் அதிகாரியிடம் அறையில் கொடுக்கவில்லை. கூடத்தில், எல்லோர் முன்னாலும் நின்று கொடுத்தாள். “கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் மகளைப் பற்றிக் கேட்டவர் என் கணவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.”

கவுண்டர் இளைஞன் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம். இராசாத்தி எழுந்து நின்றாள். தட்டுத்தடுமாறி மலாயில் சொன்னாள்: “என் வீட்டுக்காரரிடமும் அசிங்கமாகத்தான் கேட்டார்கள். போன தடவையும் கேட்டார்கள்.” அவளுடைய கணவர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை.

அதிகாரி, “கவனத்தில் எடுத்துக்கொள்கிறேன்,” என்றார். இளைஞன் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போனவன் திரும்பி வரவே இல்லை. வேறொரு பெண் வந்து உட்கார்ந்து வரிசையைத் தொடர்ந்தாள்.

மறுநாள் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ஆறே மாதத்துக்கு விசா. வேலை செய்யக் கூடாது என்று அடியில் தனியாக அச்சடித்திருந்தது. ஷம்சியாவுக்கு எடுத்த எடுப்பிலேயே ஒரு வருடம் கொடுத்திருந்தார்கள். அகீலா அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இராசாத்திக்கும் இந்த முறை கிடைத்துவிட்டது. வாசலில் அவள் அகீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சத்தம் போட்டதாலதான் கெடச்சிச்சின்னு நெனக்கிறேன் தங்கச்சி. இவ்ளோ நாளு வாய மூடிக்கிட்டு இருந்துட்டனே.” இப்போது அவள் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

எல்லையில் திரும்பி வரும்போது கூட்டம் நெரிந்தது. குடிமக்களுக்கு ஒரு பக்கம், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு பக்கம். குடிமக்கள் பக்கம் வரிசையே இல்லை, வந்தவர்கள் பாஸ்போர்ட்டைத் தேய்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அகீலா ரிஸாலோடு வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்றாள்.

“நீ அங்கிட்டுப் போ, நான் வந்துர்றேன்,” என்றான் ரிஸால்.

“போவ மாட்டேன்.”

சீருடைக்காரர் ஒருவர் அவளுடைய சிவப்புப் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு வந்தார். “புவான், உங்கள் வரிசை அது. இது வெளிநாட்டவருக்கு.”

“என் கணவர் இந்த வரிசையில் நிற்கிறார். நானும் இங்கேதான் நிற்பேன்.”

“நேரம் ஆகும்.”

“ஆகட்டும்.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். முன்னால் நின்ற பை தூக்கிய வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வரிசை அசைந்து அசைந்து போனது. மின்விசிறிக் காற்று எட்டாத இடம், வியர்த்து ஊற்றியது. ரிஸால் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

அவன் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் விரல் ரேகை எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: “லாவாத்தான்?” சுற்றிப் பார்க்கவா?

ரிஸாலுக்குத் தெரிந்த மலாய் கொஞ்சம்தான். தெரிந்ததைத் தெளிவாகச் சொன்னான். “பாலிக் ரூமா.” வீட்டுக்குத் திரும்புகிறேன்.

அவர் நிமிர்ந்தார். விசாப் பக்கத்தைப் பார்த்தார். “இது வருகை விசா. லாவாத்தான் என்று சொல்ல வேண்டும்.”

“பாலிக் ரூமா,” என்றான் ரிஸால் மறுபடியும். குரலில் சண்டை இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

அகீலா அவன் பக்கத்தில் போய் நின்றாள். பின்னால் யாரோ பொறுமையிழந்து முனகினார்கள். அந்த மனிதர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முத்திரையைக் குத்தி, பாஸ்போர்ட்டைத் தள்ளிவிட்டார்.

சங்லூனில் கார் வெயிலில் கொதித்துக் கிடந்தது. கதவைத் திறந்துவிட்டுச் சூடு தணியக் காத்து நின்றபோது ரிஸால் சிரித்துக்கொண்டே, “பாத்தியா, நானும் மலாய் பேசுறேன்,” என்றான். அவனுக்காக அவளும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஆறு மாதம் போனதும் இந்தச் சாலையிலேயே மறுபடியும் வர வேண்டும், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் மறுபடியும் நிற்க வேண்டும் என்கிற நினைப்பு விடவில்லை. திங்கட்கிழமை தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு, முதலில் அந்தப் பெராத்துரான் பெண்ணிடம் போய், ஏன் ஆறு மாதம் என்று கேட்க வேண்டும். பதில் சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமையும் போக வேண்டும்.

வண்டியைக் கிளப்பி நெடுஞ்சாலையில் ஏற்றினாள். பக்கத்தில் ரிஸால் கைப்பேசியில் ஷம்சியாவை அழைத்து, “பாப்பா முழிச்சிருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.