சைனபுக்குப் பால் சுரந்த வருடம்

ஜூலை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ஐம்பத்தெட்டு வயது சைனபுக்குப் பால் சுரந்தது. தாராவியில் அன்று மழை சுமார், கரண்ட் இருந்தது. மீன் கழுவிக்கொண்டிருந்தவள் ரவிக்கை நனைவதைக் கண்டு, கூரைதான் ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள்.

அந்த வருடத்துக்கு முன் அந்தச் சந்தில் ஒரு பிள்ளை பிறந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தோல் தைத்தும் இட்லி விற்றும் வளர்த்த பிள்ளைகள் படித்து முடித்து வாஷி, சான்பாடா என்று லிஃப்ட் வைத்த கட்டடங்களுக்குப் போய்விட்டார்கள். நாலு பெற்றவர்களின் பிள்ளைகள் ஒன்று பெற்றார்கள், அல்லது பெறவில்லை. சைனபின் ஒரே மகன் ராஹில் ஐரோலிக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போய், பிள்ளை வேண்டாம் என்று மனைவி அஃப்ஷாவோடு சேர்ந்து முடிவெடுத்து ஆறு வருடம். சைனப் அவனைத் திட்டவில்லை. போனை வைத்த பிறகு மட்டும் சற்று நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். காலியான மாடி அறைகளுக்கு பீகாரிலிருந்து ஆட்கள் வாடகைக்கு வந்தார்கள். தனி ஆண்களாக வந்து தனி ஆண்களாகவே போனார்கள். அவள் கணவர் ஷாகுல் ஹமீதின் பட்டறையில் பை தைத்த ஒருவன் மட்டும் மனைவி அக்தர் பானுவைக் கூட்டிவந்தான். அவள் ஒரு மகனைப் பெற்று, ஒன்பதாம் நாள் காய்ச்சலில் நினைவு தப்பி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிள்ளை பவுடர் பாலையெல்லாம் கக்கியது. அந்தச் செவ்வாய்க்கிழமை அதன் அழுகை பூனைக்குட்டிச் சத்தமாக இறங்கியிருந்தது. அதைக் கேட்டுத்தான் சைனபுக்குச் சுரந்தது.

அவள் கை கழுவிவிட்டு, பிள்ளை இருந்த மாடி அறைக்கு இரும்பு ஏணியில் ஏறினாள்.

“ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? வயசு என்ன ஆவுது?” என்றார் ஷாகுல் ஹமீது.

“அத பால்ட்ட கேளும்.”

பிள்ளை குடித்தது, ஏப்பம் விட்டது, தூங்கியது. வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு லூர்தம்மாளுக்கும் சுரந்தது, அவளுக்கு அறுபத்துமூன்று. ஞாயிறு பூசை முடிவதற்குள் இன்னும் ஐந்து பேருக்கு. டாக்டர் ஏழு பேரையும் பார்த்துவிட்டுக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். லூர்தம்மாளின் கணவர் மரியஅந்தோணி யாருக்கு எந்த நேரம் என்று அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டினார். பெயர் வைக்கத் தாய்க்கு இன்னும் நினைவு திரும்பாததால், சைனப் தன் வாப்பாவின் பெயரான நாகூர் மீரான் என்பதை வைத்தாள். பால் கொடுத்தவள் தாய்தான் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லிவிட்டார். அன்றே அவள் கனடாவுக்குப் போன் போட்டாள்.

“ஏலே ராஹில், ஒனக்குத் தம்பி வந்திருக்காம்லே!”

அவன் போனை வீடியோவுக்கு மாற்றினான். பிறகு, “மூஞ்சியக் காட்டும்மா” என்றான்.

நாற்பத்தோராம் நாள் அக்தர் பானு பிழைத்து வந்தாள். கணவன் சொந்த ஊரான தர்பங்காவுக்கு ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். சைனப் பிள்ளையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். ஒரே சட்டையை நாலு தடவை மடித்தாள். அக்தர் பானு பிள்ளையின் தொடையில் விழுந்திருந்த சதை மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்து, “டிக்கெட் கேன்சல் கர் தோ” என்றாள். ஏழு அம்மாக்களை விட்டுவிட்டு எந்த ஊருக்குப் போவது என்று அவள் இந்தியில் கேட்டது சந்து முழுவதற்கும் புரிந்தது. சைனப் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

செய்தி பரவியதும் மற்ற மாடி அறைக்காரர்களும் மனைவிகளை வரவழைத்தார்கள். பீகார்ப் பிள்ளைகள், ஒடிசாப் பிள்ளைகள் என்று மூன்று வருடத்தில் பத்தொன்பது பிறந்தன. பால் குறையவில்லை. ராஹில் லீவு போட்டு வந்து, தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாட்டுங்கா வரை நடந்தான்.

நாகூர் மீரானை அங்கன்வாடியில் சேர்க்க எட்டுப் பெண்கள் போனார்கள். அம்மா பெயர் என்ன என்று மராத்தியில் கேட்டாள் அங்கன்வாடிப் பணியாளர் மானசா. சொன்னார்கள். படிவத்தில் ஒரு வரிதான் இருந்தது. அவள் தாளைத் திருப்பி எட்டுப் பெயரையும் எழுதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நாகூர் மீரான் நேராகப் போய்ப் பாயில் இருந்த ஒடிசாப் பையனிடம், “ஏலே, தள்ளி உக்காருலே” என்றான். அவன் தள்ளி உட்கார்ந்தான்.