காலிக் கூடை

ஆட்டம் முடிந்ததும் அழுக்குத் துணிக் கூடையை உடைமாற்றும் அறை நடுவே இழுத்து வைத்துவிட்டு, அணிக்குத் துணி துவைக்கும் இம்ரிக் காத்திருந்தார். சேறு காய்வதற்குள் நனைத்துவிட வேண்டும் என்பது அவர் வேதம். ஒருவனும் வரக் காணோம். ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டத்தில் கோலே விழவில்லை. உலகக் கோப்பைக் கனவு போயே போய்விட்டது. நாடு ஜனவரியிலேயே செக், ஸ்லோவாக் என்று இரண்டாகிவிட்டது. ஆரம்பித்த தகுதிச்சுற்றை முடிக்க வேண்டுமே என்று செக்குக்காரர்களும் ஸ்லோவாக்குக்காரர்களும் இத்தனை மாதம் ஒரே அணியாக ஆடினார்கள். நாளையிலிருந்து அதுவும் கிடையாது.

இம்ரிக் ஸ்லோவாக், மனைவி செக், வீடு பிராக் நகரில். பத்தொன்பது வருஷம் இந்த ஜெர்சிகளைத் துவைத்தவருக்கு ஒரே ஒரு ஜெர்சி வேண்டும்போல் இருந்தது. எந்த வாயால் கேட்பது? "சங்கத்துச் சொத்துடா" என்று கத்தி ஒவ்வொன்றையும் பிடுங்கிய வாயாயிற்றே. ஆட்டம் முடிந்து எதிரணிக்காரனோடு மாற்றிக்கொண்டதை மட்டும் திருப்பிக் கேட்கமாட்டார். அது ஆட்டக்காரர்களின் மரியாதை.

மைதானத்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். எதிரணிக்காரர்கள் இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்க்க, இந்தப் பயல்கள் தங்களுக்குள்ளேயே ஜெர்சி மாற்றிக்கொண்டிருந்தார்கள். செக் ஒருவன், ஸ்லோவாக் ஒருவன், ஜோடி ஜோடியாக. இவர்களோடு இருக்கக் கொடுத்துவைத்திருந்தேனே என்று நினைத்தார்.

"அப்ப கூடையில என்னத்தடா போடுவீங்க?"

"மாத்திக்கிட்டதக் கேக்க மாட்டீங்கல்ல, சித்தப்பா?" என்று சிரித்துக்கொண்டே போனான் டுஷான்.

கடைசியாக வந்தான் கோல்கீப்பர் போஹுமில், செக்குக்காரன், ஆறரை அடி. பச்சை ஜெர்சி முழுக்கச் சேறு.

"உனக்கு ஜோடி கிடைக்கலையாடா?"

"எங்க செக் ஆளுங்கள்ல நான் ஒருத்தன் மிச்சம்." இம்ரிக்கை ஏற இறங்கப் பார்த்தான். "உங்க ஸ்லோவாக் ஆளுங்கள்லயும் ஒருத்தர் மிச்சம் போல. அந்த ஸ்வெட்டரக் கழட்டுங்க."

"டேய், முழங்கையில ஒட்டுப் போட்டதுடா. ஒரே சோப்பு வாடை."

"பத்து வருஷமா அந்த வாடையோடதான் ஆடியிருக்கேன். கழட்டுங்க சித்தப்பா."

கழற்றினார். போஹுமில் தன் பச்சை ஜெர்சியை நீட்டினான். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தார். "கழுத்து வரைக்கும் சேறு" என்றுதான் வந்தது.

பேருந்தில் போஹுமில் முன்னால் உட்கார்ந்து தூங்கிப்போனான். ஸ்வெட்டரின் கை அவனுக்கு முழங்கையைத் தாண்டவில்லை. பின்வரிசையில் இம்ரிக், தொடைவரை தொங்கும் பச்சை ஜெர்சியும் மடியில் காலிக் கூடையுமாக, நெஞ்சின் மேல் சேறு மெல்லக் காய்ந்து வெளுப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.