தூங்கட்டும் விடு

எங்கள் பள்ளத்தாக்குக்குள் போகிற ரயில் பாதை குறுகலானது. வெளியுலகத்தின் பெரிய பாதையில் வருகிற சரக்கு வேகன் எங்கள் ஸ்டேஷனோடு நின்றுவிடும். போருக்கு முன்னால் அதில் வந்த கரியை ஆண்கள் மண்வெட்டியால் அள்ளி எங்கள் குறுகல் பாதையின் பொம்மை போன்ற குட்டி வண்டிகளில் மாற்றிப் போட்டார்கள். என் அண்ணன் எவால்டும் அப்படி அள்ளியவன்தான். போர் வந்து ஆண்களையெல்லாம் வாரிக்கொண்டு போனது, அள்ள ஆளில்லை. அப்போதுதான் ரயில்வேக்காரர்களுக்கு மூளை வேலை செய்தது. பெரிய தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு குழி வெட்டி, குழிக்குள் சின்னப் பாதையைப் போட்டு, அதில் கடாக்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கடா என்று நாங்கள் சொல்வது நான்கு சக்கரமும் மேலே இரண்டு கவையும் உள்ள இரும்புக் குட்டை வண்டியை. வேகனின் ஒவ்வொரு அச்சுக்கும் கீழே ஒரு கடாவைத் தள்ளிக்கொண்டு போய், கவையை நிமிர்த்தி அச்சைப் பிடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். பிறகு இன்ஜின் மெல்ல இழுக்கும். பெரிய தண்டவாளம் சரிந்து முடிகிற இடத்தில் வேகன் கடாக்களின் முதுகில் தானாக உட்கார்ந்துவிடும். அள்ளவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம். லைப்சிக் பக்கம் ஏற்றிய கரி நேராக எங்கள் ஊர் அட்டை ஆலையின் வாசலில் போய் இறங்கும்.

குழிக்குள் குனிகிற வேலை எனக்கும் மில்டாவுக்கும். மில்டா என் அண்ணி, எவால்டின் மனைவி. ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே குழியில் கிரீஸ் பூசிக்கொண்டோம், நாளுக்கொரு சண்டை போட்டோம். உருளைக்கிழங்கைத் தோல் தடிமனாகச் சீவிவிட்டேன் என்று ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தவள் அவள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் நாங்கள் சண்டை போட்டதில்லை. எவால்டிடமிருந்து 1944 கோடையோடு கடிதம் நின்றுபோயிருந்தது. செத்தான் என்று எவரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. காணவில்லை என்றார்கள். போர் முடிந்த பிறகு ருஷ்யாவில் சிறைப்பட்டிருந்தவர்கள் ஒன்றிரண்டு பேராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பயணிகள் ரயில் வந்து நின்றால் போதும், மில்டா கிரீஸ் கையோடு குழியிலிருந்து ஏறிப் போய் இறங்குகிற ஒவ்வொரு ஆணின் முகத்தையும் உற்றுப் பார்ப்பாள். தொப்பி மறைத்தால் குனிந்து பார்ப்பாள். ஊரில் அதற்கு ஒரு பெயர் வைத்துச் சிரித்தார்கள். வைத்தவள் யாரென்று தெரிந்து நான் போய் அவளை நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன்.

"அண்ணி, அவன் கிழவன். அவன் மூஞ்சியை எதுக்குப் பாக்குறே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கிழவனா ஆக்கி அனுப்பியிருக்க மாட்டாங்கன்னு உனக்குத் தெரியுமாடி?" என்றாள்.

1947 ஏப்ரலில் ஒரு காலைப்பொழுது. அந்தக் குளிர்காலம் எங்களைப் பாதி ஆளாக்கிவிட்டுத்தான் போயிருந்தது. வெயில் அடித்தும் சூடு இல்லை. ஐந்து கரி வேகன்கள் வந்திருந்தன. கடாவின் மேல் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு வேகனிலும் ஏறிப் பார்த்தாக வேண்டும். கடாவின் மேல் உட்கார்ந்த வேகன் முழங்கால் அளவு உயர்ந்துவிடும். வழியில் ஆலைப் பாலம் என்று ஒரு கல் பாலம், சாலை அதன் மேலே போகிறது. பாலத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டிப் பாதையைத் தாழ்த்தியும்கூட வேகனின் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம். அதனால் கரி விளிம்புக்கு மேலே குவிந்திருக்கக் கூடாது. மேலே எவனாவது ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் இறக்கிவிட்டாக வேண்டும். உயரமானவள் என்பதால் ஏறுவது எப்போதும் மில்டாதான். எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறாள், முகத்தைப் பார்த்துவிட்டு.

நான்காவது வேகனில் ஏறியவள் வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கியபோது கழுத்தில் மப்ளர் இல்லை.

"எங்க மப்ளர்?"

"மெதுவா பேசு. மேல ஒருத்தன் தூங்குறான்."

"தூங்குறானா? எழுப்பி எறக்கு அண்ணி. இதென்ன சத்திரமா?"

"மொட்டை அடிச்ச தலை. காலு ரெண்டும் பசியில வீங்கி, பூட்ஸுக்குப் பதிலா சாக்கைச் சுத்தியிருக்கான். கரிக்குள்ள குழி பறிச்சுச் சுருண்டு கிடக்கான். உடம்பு நடுங்குது. அதான் போத்திட்டு வந்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மப்ளர் எவால்டின் பச்சை ஸ்வெட்டரைப் பிரித்து அவள் பின்னியது. நடுவில் ஒரு மஞ்சள் பட்டை ஓடும். என் அம்மா எவால்டுக்குப் போட்ட அதே பட்டை.

"என் அண்ணன் ஸ்வெட்டர் நூலை எவனோ போற வர்றவனுக்குக் குடுப்பியா? அவன் அதை எடுத்துட்டுப் போய் வித்து சிகரெட் வாங்குவான், பாத்துக்கோ."

"வாங்கட்டும்."

"பாலம் இருக்கு அண்ணி."

"படுத்துக் கிடக்கிறவனைப் பாலம் என்னடி பண்ணும்? விளிம்புக்குக் கீழதான் கிடக்கான். ஆலை வாசல்ல நின்னதும் அவங்களே எழுப்பிவிடுவாங்க. இவனுக்காகவும் எங்கயோ ஒருத்தி காத்துட்டு உக்காந்திருப்பா. தூங்கட்டும் விடு."

எங்கள் மேஸ்திரி ஊலிக், விளக்குக் கம்பத்தடியிலிருந்து கத்தினார்: "என்னம்மா, நாத்தனாரும் அண்ணியும் மறுபடி ஆரம்பிச்சாச்சா? வண்டியை நான் ஏத்தட்டுமா, இல்ல பஞ்சாயத்து முடியட்டுமா?"

"உங்க வாயை மூடிக்கிட்டு இன்ஜின்காரரை மெல்ல இழுக்கச் சொல்லுங்க!" என்றாள் மில்டா. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வேகனை ஏற்றியதுபோல வேறு எதையும் நாங்கள் ஏற்றியதில்லை. கவையை நிமிர்த்தும்போது இரும்பு இரும்போடு மோதாமல் மில்டா நடுவில் தன் கையுறையை வைத்தாள். தொட்டில் குழந்தையை இடம் மாற்றுவதுபோல வேகன் கடாக்களின் மேல் வந்து அமர்ந்தது. மேலே ஒரு சின்ன அசைவுகூட இல்லை. கடைசி வேகனில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வைகெல்ட் பெரியவர் ஏறி நின்றார். ரயில் ஓட்டமும் நடையுமாகப் பள்ளத்தாக்குக்குள் போனது.

மத்தியானம் எண்ணெய்க்குப் பதிலாகக் காபிச் சக்கையைத் தடவிச் சுட்ட உருளைக்கிழங்கு அடையைத் தின்றுகொண்டிருந்தோம். அன்று மில்டாவின் முகம் தெளிவாக இருந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்தாள், எனக்குத் தன் அடையில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். ஊலிக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குழிக்கு மேலே வந்து நின்றபோது நான்தான் முதலில் பார்த்தேன். அவர் தூங்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்றாதவர் என்று நாங்கள் கேலி செய்வோம்.

"மில்டா," என்றார். "ஆலையிலேர்ந்து போன் வந்துச்சு. கரி வேகன்ல வந்தவன்..." பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்க அண்ணன்தாம்மா அது."

நாங்கள் ஓடிப் போனோம். தண்டவாளத்தின் மேலேயே ஓடினோம். ஆலைக் கொட்டகையில் மேஜை மேல் கிடத்தியிருந்தார்கள். முகத்திலிருந்த கரியைக் கழுவிய பிறகுதான் வைகெல்டுக்கே அடையாளம் தெரிந்திருக்கிறது. ஒரு காலத்தில் எவால்டோடு சேர்ந்து கரி அள்ளியவர் அவர். மில்டா மேஜைக்குப் பக்கத்தில் போகவில்லை. வைகெல்டின் முன்னால் போய் நின்றாள்.

"சொல்லுங்க. எனக்கு எல்லாத்தையும் சொல்லுங்க."

வைகெல்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாலத்துக்கு ஊதுற விசில்லதான் முழிச்சிருப்பான். எனக்கு முன்னாடி வண்டியில தலை தெரிஞ்சுது. கையில பச்சையா என்னமோ. அதை மூஞ்சிகிட்ட வெச்சுப் பாத்தான், திருப்பித் திருப்பிப் பாத்தான், மோந்து பாத்தான். அப்புறம் சடார்னு எழுந்து நின்னுட்டான்மா. பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, வந்த வழியைப் பாத்து நிக்கிறான். ஸ்டேஷன் பக்கமா. நான் பிரேக்கை ஒரு கையில முறுக்கிக்கிட்டே இன்னொரு கையைக் கீழ அமுக்கி அமுக்கி, உக்காரு, உக்காருன்னு கத்துறேன். அவன் என்னைப் பாத்துச் சிரிச்சான். கையாட்டுறேன்னு நெனச்சுட்டான். திருப்பி அந்தத் துணியை ஆட்டுறான்."

"என்ன சொன்னாரு?"

"என்னமோ கத்துனான். சத்தத்துல கேக்கலம்மா."

மெல்லப் போகிற ரயில்தான். பின்மண்டையில் கல் மோத வேகம் எதற்கு? எங்கள் பழைய பொம்மை வண்டிகளில் நின்றுகொண்டே அந்தப் பாலத்தை நூறு தடவை தாண்டியவன் என் அண்ணன். அவன் போன பிறகு வந்தவை கடாக்கள். உறங்கும்போது தன்னை முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வேகனில் ஒட்டியிருந்த சீட்டில் தன் ஊர் ஆலையின் பெயரைப் பார்த்துவிட்டு, எங்கள் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விடும், அங்கே கரி அள்ளுகிறவர்கள் எழுப்பிவிடுவார்கள் என்று படுத்திருக்கிறான். ஸ்டேஷனையும் தாண்டிக் கொண்டுபோய்தான் விட்டது.

அடக்கம் முடிந்து ஊரே எங்கள் வீட்டில் கூடி மால்ட் காபி குடித்தது. அத்தனை பேரும் ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். கடைசியில் உன் மப்ளரை அடையாளம் கண்டுகொண்டானே, நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டுதானே போனான், சிரித்த முகமாகப் போனானே. பாதிரியாரும் அதையேதான் இழுத்து இழுத்துச் சொன்னார். எனக்குக் கோப்பையை அவர் மேல் வீச வேண்டும்போல இருந்தது. சிரித்தானாம். அந்தச் சிரிப்பை யார் கேட்டார்கள்? எனக்கு அண்ணன் வேண்டும்.

எல்லோரும் போன பிறகு மில்டா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 

"அண்ணி, நீ எழுப்பாம விட்டது தப்பில்ல. யாரா இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பாங்க."

"எழுப்பலேன்னு நான் அழலடி ஹெடி." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இத்தனை நாளும் வந்தவன் ஒருத்தன் விடாம மூஞ்சியைப் பாத்தேன். கிழவன், நொண்டி, பாதி மூஞ்சி வெந்து போனவன், ஒருத்தனையும் விடல. ஊரே சிரிச்சுச்சு, அப்பவும் விடல. இவரு மூஞ்சி கரிப் பக்கமா திரும்பியிருந்துச்சு. தோளைப் புடிச்சு லேசா இந்தப் பக்கம் திருப்பியிருந்தா போதும். திருப்பத்தான் கையை நீட்டினேன். பாவம், எத்தனை நாள் தூக்கமோ, முழிச்சுக்குவானேன்னு கையை எடுத்துட்டேன்."