ஒட்டுக்குக் கீழே துளிர்த்தது

1

இந்தக் கதை எனக்கு ஒரு துணிப்பையில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் பையை வைத்தார். உள்ளே மாம்பழங்கள், ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றியது. "வீட்டு மரத்துல காய்ச்சது. சாப்பிடுங்க சார்," என்றார். திரும்பிப் போனவர் பாதியில் நின்றார். "ஆனா எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவ்வளவுதான் கையிருப்பு. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

வீட்டில் காய்த்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். மறுநாள் காலையிலேயே மதிலோரம் வந்து, தேவையே இல்லாத ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். பாராட்டு வேண்டாம் என்று சொல்லிப் பழம் கொடுத்த ஆளை அன்றுதான் பார்த்தேன். அதுவும் யார்? பாராட்டு விழா இல்லாத ஊரில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று நான் நினைத்திருந்த மனிதர்.

பங்கு கேட்க என் வீட்டில் ஆள் கிடையாது. சமையலறை மேடையருகே நின்றபடியே ஒன்றைத் தின்றேன்.

[எப்படி இருந்தது என்று இங்கே எழுதி, அடித்துவிட்டேன். ஒருவர் கேட்டுக்கொண்டதை முதல் பக்கத்திலேயே மீறுவது மரியாதையில்லை. ஐந்தாம் பகுதியில் மீறுகிறேன்.]

2

எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் வாக்கியம் இது: "மாமரம் என்பது வெறும் மரமல்ல; அது காலத்தின் பச்சை மௌனத்தில் வேரோடிய ஒரு"

ஒரு என்ன? அந்த வாக்கியத்துக்கே தெரியவில்லை. பச்சை மௌனத்தை நான் பார்த்ததும் இல்லை. மேடையில் சால்வை போர்த்திக்கொள்வதை நினைத்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் நடுவழியில் நிற்க வேண்டிவரும்.

இரண்டாவது: "அந்த வீட்டில் ஒரு முதியவர் தனியாக வாழ்ந்தார்." சுருக்கமாக இருக்கிறது. ஆனால் அவர் என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். அவரை முதியவர் என்று எழுதினால் அடுத்து அந்தப் பட்டம் எனக்குத்தான். தவிர, 'தனியாக' என்ற சொல்லை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "குடும்பம் தற்காலிகமா வெளியூர்ல இருக்கு" என்பார். அந்தத் தற்காலிகத்துக்கு ஆறேழு வயதாகிறது.

ஆகவே மூன்றாவது தொடக்கம்.

தலைவர் (அவருக்குப் பெயர் வைக்கவில்லை, ஓய்வு பெற்ற பிறகும் வாசற்கதவில் 'முன்னாள் தலைவர், பணியாளர் பிரிவு' என்று பித்தளைப் பலகை மாட்டியிருப்பவருக்கு என் பெயர் எதற்கு?) ஒரு பெரிய தொழிற்சாலையில் ஆட்களை எடை போடும் வேலையில் இருந்தார். யார் வேகம், யார் மந்தம், யாரை ஏற்றிவிடலாம், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். பேச்சும் அதற்கேற்றாற்போல. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதைக்கூட அவர் மூன்று அம்சங்களாகப் பிரித்துத்தான் சொல்வார்.

இவரைக் கிழித்துத் தோரணம் கட்டலாம் என்றுதான் நான் பேனாவை எடுத்தேன். ஊதிப் பெருத்ததைக் குத்திக் காற்றை இறக்குவது என் பிழைப்பு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், போகப் போக எனக்கு அதில் கை ஓடவில்லை.

3

கன்றைத் தேடி வாங்கியதும் நட்டதும் அவர் மனைவி. அவளுக்கு ஒரே ஒரு ரகம்தான் மாம்பழம். மற்றதெல்லாம் மஞ்சளாக இருக்கும் ஏதோ ஒன்று. நாரே இல்லாமல், கொட்டை மெலிந்து, கத்தி வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பின்கட்டில் குழி தோண்டி அவள் நட்டபோது தலைவர் பக்கத்தில்தான் இருந்தார், போனில். "ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டா கிள்ளிடணும்" என்று அவள் சொன்னபோது, கேட்டுக்கொண்டேன் என்பதாகக் கையை மட்டும் அசைத்தார்.

(மாமரம் வளர்க்காதவர்களுக்கு: ஒட்டுக்கன்று என்பது இரண்டு மரம். கீழே முரட்டு விதைக்கன்று ஒன்றின் வேர். அதன் தலையை வெட்டிவிட்டு, மேலே நல்ல ரகத்தின் குச்சியைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கட்டுக்கு மேலே துளிர்ப்பதுதான் நாம் ஆசைப்பட்டு வாங்கியது. கீழே துளிர்த்தால் அது அந்த முரட்டு வேரின் சொந்தப் பிள்ளை. விட்டால் மேலே இருப்பதைப் பட்டினி போட்டே கொன்றுவிடும்.)

நட்ட மறுவாரம் அவள் மகளின் பிரசவத்துக்கு விமானம் ஏறினாள். இரண்டே மாதம் என்று பேச்சு. பிறகு குழந்தைக்கு உடம்பு சரியில்லை. பிறகு மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பிறகு இன்னொரு குழந்தை. பிறகு முதல் குழந்தைக்குப் பள்ளி. எல்லாமே நியாயமான காரணங்கள். நியாயமான காரணங்கள் வரிசையாக வந்தால், ஒவ்வொன்றாக ஏறி இறங்கி ஓர் ஆள் எவ்வளவு தூரமும் போய்விடலாம். யாரும் யாரையும் விட்டுப் போனதாகவே ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் போன் பண்ணுவார். "எப்ப வர்ற?" என்பார். அவள் அந்த வாரத்துக் காரணத்தைச் சொல்வாள். முதல் வருடத்திலேயே ஒரு ஞாயிறு, அவளிடம் காரணம் தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

"மாமரம் காய்க்கட்டும், வர்றேன்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

தலைவர் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டார். அன்றே பின்கட்டுக்குப் போய்க் கன்றை முதல்முறையாக உற்றுப் பார்த்தார். இரண்டு தண்டுகள் இருந்தன. மேலே ஒன்று, நாலைந்து இலையோடு, நோஞ்சானாக, எதற்கும் அவசரமில்லாமல் நின்றது. கீழேயிருந்து கிளம்பிய இன்னொன்று விறைப்பாக, தளதளவென்று, அதன் தலைக்கு மேல் போய்விட்டிருந்தது.

ஆட்களை எடை போட்டுப் பழகிய கண். யோசிக்கக்கூட இல்லை. கத்தரிக்கோலை எடுத்துவந்து மந்தமானதை வெட்டியெறிந்தார். வேகமானதற்குக் குச்சி நட்டு, நாடா கட்டி, போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார். கீழே எழுதினார்: "நல்லா வளருது. நான் பார்த்துக்கிறேன்."

4

[இந்தப் பகுதியில் மகள் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவதாகத் திட்டம். கூடத்தைப் பெருக்கி, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு, அவள் உட்கார நாற்காலியைக்கூட எழுதி வைத்தேன். விடுமுறை கிடைக்கவில்லை என்றுவிட்டாள். பகுதி காலியாக இருக்கிறது. விரிப்பும் அப்படியே இருக்கிறது.]

5

அந்த ரகம் மூன்று நாலு வருடத்தில் காய்க்க வேண்டும். காய்க்கவில்லை. கேட்டவர்களிடம் தலைவர், தரமானது தாமதமாகத்தான் வரும் என்று விளக்கினார். மரம் மட்டும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டது.

பிறகு ஒரு வருடம் பூத்தது. உறவினர் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அறிக்கைகள் பறந்தன. பூங்கொத்து நிலை, பிஞ்சு நிலை, உதிர்வும் அதற்கான காரணங்களும். பெரும்பாலோர் கட்டைவிரல் படம் போட்டார்கள். மனைவி மட்டும் ஒன்றும் போடவில்லை. வேலையாக இருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பழ ஈ முட்டை வைக்காமலிருக்க, எட்டிய காய்க்கெல்லாம் ஏணி போட்டு ஏறிக் காகிதப்பை கட்டினார். எட்டாத உச்சிக் காய்களை அணில்கள் மோந்து பார்த்துவிட்டு வேறு தெருவுக்குப் போயின. அதையும் தன் நிர்வாகத்தின் வெற்றி என்றே அறிக்கையில் சேர்த்தார்.

நாளும் வந்தது. வலை கட்டிய நீளக் கம்பால் காம்போடு பறித்தார். காம்பை ஒடித்துப் பால் வடியத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். ஒரு சொட்டு முழங்கையில் பட்டுத் தோல் வெந்தது. மருந்து போட்டுவிட ஆளில்லாமல் போனதால், வலிக்கவில்லை என்று முடிவெடுத்தார். காய்களைப் பெட்டியில் அடுக்கி, வைக்கோல் மூடி, கட்டிலுக்கடியில் பழுக்க வைத்தார்.

அது பழுக்கும்வரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை எழுதும்போதுதான் எனக்குக் கை நின்றது. மாம்பழத்தை ஒழுங்காக வெட்டத் தெரியாதே என்று போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, உருளைக்கிழங்கில் பழகிக்கொண்டிருந்தார். கன்னம் கன்னமாகச் சீவி, கட்டம் கட்டமாகக் கீறி, தட்டில் விரித்துப் பார்ப்பார். கோணலாக வந்தால் இன்னொரு கிழங்கு. நான் குத்துவதற்கு ஊசியோடு போனேன். காற்று ஏற்கெனவே இறங்கியிருந்தது.

பழம் பழுத்தது. வெட்டினார். கத்தி வழுக்கவில்லை, நாரில் சிக்கி நின்றது. வாயில் போட்டார். பல் கூசியது.

(எனக்கும் கூசியது. முழுதாகத் தின்று முடித்தேன். பிறகு கண்ணாடி முன்னால் நின்று நாரைப் பிடுங்கினேன்.)

பழுக்கவில்லை போலிருக்கிறது என்று அடுத்ததை இரண்டு நாள் கூடுதலாக வைத்தார். அழுகியது, அப்போதும் புளித்தது. பெட்டி முழுக்கப் புளித்தது. மண் சரியில்லை, மழை தவறிவிட்டது, உரக்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மூன்று அம்சங்கள் கண்டுபிடித்தார். மிச்சத்தை ஒரு துணிப்பையில் போட்டார். அடுத்து அவர் செய்தது உங்களுக்குத் தெரியும்.

6

ஞாயிறு. இந்தமுறை அவர் பேசுவதற்கு முன் அவளே கேட்டாள்.

"பறிச்சாச்சா?"

"ஆச்சு."

"எப்படி இருந்துச்சு?"

பணியாளர் பிரிவில் எத்தனையோ பேரை முகத்துக்கு நேராக வீட்டுக்கு அனுப்பிய மனிதர், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தேன்."



"ஏங்க, அது புளிக்கும்ங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"வேர்ல துளிர்த்ததையில்ல வளர்த்து வச்சிருக்கீங்க. நான் வச்ச கிளையை நறுக்கிட்டீங்களே. முத வருஷம் போட்டோ அனுப்புனப்பவே பார்த்தேன். ஒட்டுக்கட்டுக்கு மேல வெட்டுன மொட்டைக் குச்சிதான் நிக்குது, தண்டு கட்டுக்குக் கீழருந்து கிளம்புது."

தலைவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"நல்லா வளருதுன்னு எழுதியிருந்தீங்க. அவ்வளவு சந்தோஷமா நீங்க எனக்கு எதையுமே எழுதினதில்ல."

அவர் பேச எடுத்ததெல்லாம் மேடைக்கானதாக இருந்தது.

"காய்ச்சா வர்றேன்னு சொன்னியே," என்றார் கடைசியில்.

"சொன்னேன்."

7

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவள் சொன்ன காரணத்தை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். புருஷனின் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாத ஒருத்தி. அல்லது, அந்த ரகம் அந்த மரத்தில் இந்த ஜென்மத்தில் காய்க்காது என்று தெரிந்தபின் நிம்மதியாக மூச்சுவிட்ட ஒருத்தி. எழுதியவன் நான்தான், எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே பெண்ணாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

ஒரு முடிவு எழுதினேன். அவள் வந்து இறங்குகிறாள், புளிப்பைத் தின்றுவிட்டு, "தேன்தாங்க," என்கிறாள். படித்துப் பார்த்தேன். எனக்கே பல் கூசியது.

இன்னொன்றில் அவள் வரவில்லை; தலைவர் கோடரியோடு பின்கட்டுக்குப் போகிறார். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் வளர விட்டதும் வளர்ந்த மரத்தின் மேல் என்ன குற்றம்? அதோடு, அந்தக் கோடரியை அவரால் தூக்க முடியாது. அதையும் கிழித்தேன்.

மூன்றாவதில் நான் மதிலைச் சுற்றிப் போய் அவர் வீட்டு மணியை அடிக்கிறேன். இருவரும் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுத்துத் தின்கிறோம். இது அவருடைய முடிவு அல்ல, என்னுடைய ஆசை என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. கதையை விட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

உள்ளே அவர் இன்னும் போனைக் காதில் வைத்திருக்கிறார். இவ்வளவு வருடமாக, வாரம் தவறாமல் அவர் கேட்டதெல்லாம் எப்போது வருகிறாய் என்பதுதான். அதற்குத் தேதிதான் பதில். தேதி இல்லாவிட்டால் காரணம். வேறு மாதிரி கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. இப்போது தோன்றுகிறது. நான் எழுதிக்கொடுக்கவில்லை, சத்தியமாக. அம்சம் எதுவும் பிரிக்காமல், தொண்டையைக்கூடச் செருமிக்கொள்ளாமல் அவரே கேட்கிறார்.

"உனக்கு வரணும்னு இருக்கா?"

மறுமுனையில் ஒரு குழந்தை எதையோ கேட்டு நச்சரிக்கிறது. "இரு, தாத்தாகிட்ட பேசிட்டிருக்கேன்ல," என்று அதை அடக்குகிறாள். ஒரு கதவு சாத்தும் சத்தம். அந்த அறையில் இப்போது அவள் மட்டும்தான் இருக்கிறாள். இந்த அறையில் அவர் மட்டும்தான்.

இனி நான் வாய் திறந்தால் எந்தப் பதிலும் என் பதிலாகிவிடும். எழுந்து போகிறேன். அவள் குரலை நீங்களும்தான் இவ்வளவு நேரம் கேட்டீர்கள். பேச வாயெடுக்கிறாள், கேளுங்கள்.