சதுரங்கத்தில் இருந்த வீட்டுக்காரர்

மனிதகுல வரலாறு என்பது அடிப்படையில் துப்புரவின் வரலாறுதான். தன் குப்பையை அகற்றத் தெரிந்த நாகரிகம் தழைத்தது. தெரியாதது மண்ணோடு மண்ணாகப் போனது.

இந்தப் பேருண்மையைச் சொன்னவர் கணினி ஆலோசகர். சொன்ன இடம் அவருடைய அக்கா வீட்டுக் கூடம். அக்காவின் கணவர், மறைந்த மாமாவின் கணினிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"குளிச்சிட்டு ஈரத்துண்டைக் கட்டில் மேல போடற நாகரிகம் எதுல சேரும்?" என்று அவர் மனைவி கேட்டாள்.

ஆலோசகர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொந்த ஊரில் தீர்க்கதரிசிக்கு மதிப்பில்லை என்பது அவருக்குத் தெரியும். 'கணினி ஆலோசகர்' என்பது அவரே அச்சடித்துக்கொண்ட அட்டையில் இருந்த பட்டம். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பிரிண்டருக்கு மை மாற்றுவதும், "ஒருதடவை அணைச்சிட்டுப் போடுங்க" என்று ஆலோசனை வழங்குவதும் அவருடைய உத்தியோகம்.

அன்றைய பிரச்சினை சிறியது. வெளியூரில் இருக்கும் அக்காவின் மகள், பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் படத்தை அனுப்பியிருந்தாள். அக்கா அதைச் சொடுக்கினால் குழந்தை வரவில்லை. சாம்பல் நிறத்தில், பழங்காலத்துச் சன்னல் ஒன்று வெறுமையாகத் திறந்துகொண்டது. தமிழில் எழுதிய குறிப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது.

"என்னடா இது, பேத்தி முகத்தைக் காட்ட மாட்டேங்குது?"

"இது எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும் அக்கா. எல்லாம் மாமா பண்ணின வேலை."

அதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆலோசகர் பண்ணின வேலை. முன்பு ஒரு காலத்தில் சுதந்திர மென்பொருள் என்ற கொள்கையால் ஆட்கொள்ளப்பட்டு, மாமாவின் கணினியிலிருந்து விண்டோஸைத் துடைத்துவிட்டு இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டுக்கொடுத்தவர் அவர். மாமா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். யார் எந்தக் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்த்தாலும் ஆட்சேபிக்காத குணம். "சரி மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். ஆனால் அவர் ஆசையாக ஆடிய சதுரங்க நிரல் விண்டோஸுக்காகச் செய்தது. புது வீட்டில் அது ஓட மறுத்தது. செய்த நிறுவனமும் எப்போதோ கடையைக் கட்டியிருந்தது. மாமா யாரிடமும் கேட்காமல், விண்டோஸ் நிரலிடம் 'நீ இருப்பது விண்டோஸில்தான்' என்று நம்பவைக்கும் எமுலேஷன் மென்பொருளைத் தேடிப் போட்டு, சதுரங்கத்தைக் குடியேற்றிவிட்டார்.

அந்த மென்பொருள் தனியாக வரவில்லை. மாப்பிள்ளையை அழைத்தால் சித்தப்பா, பெரியப்பா, அவர்களின் பெட்டி படுக்கை என்று வந்து இறங்குகிற மாதிரி, தன்னுடைய குறிப்பேடு, தன்னுடைய உலாவி, தன்னுடைய நீக்கும் கருவி எல்லாவற்றையும் கொண்டுவந்து மெனுவில் உட்கார வைத்தது. படமா, கடிதமா, எது வந்தாலும் 'நான் திறக்கிறேன்' என்று கதவருகே நின்றுகொண்டது. மாமா இருந்தவரை ஒவ்வொன்றையும் வலது சொடுக்கில் சமாளித்தார். போன மழைக்காலத்தில், கடையில் ஒருவருக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடறேன்" என்றார் ஆலோசகர்.

"பண்ணு. சதுரங்கத்தை மட்டும் தொடாதே."

"தொடலை அக்கா. எடுத்துட்டுப் புதுசா போட்டுக் குடுக்கறேன். நிறுவற கோப்பு இதோ இங்கேயே இருக்கு."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரி" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவள் சொல்ல வந்தது இதுதான். அந்தச் சதுரங்கத்தில் ஒரு வசதி உண்டு. ஒருவர் ஆடுவதை அது கவனித்து, அவரைப் போலவே ஆடும் ஒரு நிழல் ஆட்டக்காரரை உருவாக்கிக்கொள்ளும். அவர் செய்யும் தவறுகளைக்கூட அது செய்யும். அவர் தயங்கும் இடத்தில் தயங்கும். மாமா பகலெல்லாம் கடையில் இருப்பவர். "நான் இல்லாத நேரத்திலயும் நீ என்னைத் தோக்கடிக்கலாம்" என்று சொல்லித் தன் ஆட்டத்தை அதற்குக் கற்றுக்கொடுத்தார். 'வீட்டுக்காரர்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். அவர் போன பிறகு, மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அக்கா தினமும் வீட்டுக்காரரோடு ஒரு ஆட்டம் ஆடுவாள். யாரிடமும் சொன்னதில்லை. செத்துப்போனவரோடு உட்கார்ந்து விளையாடுகிறாள் என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். அதில் முதல் ஆள் இதோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆலோசகர் வேலையில் இறங்கினார். மெனுவில் இருந்த குறிப்பேடு போயிற்று, உலாவி போயிற்று, நீக்கும் கருவி தன்னையே நீக்கிக்கொண்டு போயிற்று. எந்தக் கோப்பை எது திறக்கும் என்ற பொறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிறகு மறைந்திருக்கும் கோப்புறைகளைக் காட்டச் சொல்லி, முன்னால் ஒரு புள்ளியோடு ஒளிந்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"இதோ. எல்லாம் இதுக்குள்ளதான் கூடு கட்டியிருக்கு. சாதாரண ஆளுங்க இதோட நிறுத்திடுவாங்க. மென்பொருளை எடுத்துட்டு மிச்சத்தை விட்டுடுவாங்க. நான் வேரோட பிடுங்கறவன்."

"உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"குப்பையைப் பிரிச்சுப் பாத்துட்டா கொட்டுவாங்க?"

"ஆமா. நான் பாத்துட்டுத்தான் கொட்டுவேன். உங்க கல்யாண மோதிரம் எங்கேர்ந்து கிடைச்சதுன்னு நினைக்கறீங்க?"

நிரந்தரமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. அழித்ததைக் கொஞ்ச காலம் வைத்திருக்கும் குப்பைத்தொட்டி, முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்கானது என்பது ஆலோசகரின் கொள்கை. ஆமாம் என்றார். ஒரு பட்டை நகர்ந்து முடிந்தது. எமுலேஷனை மறுபடி, சதுரங்கத்துக்கு மட்டும் என்று போட்டு, அந்த ஆட்டத்தைப் புதிய கோப்புறையில் நிறுவினார். குழந்தையின் படத்தைச் சொடுக்கினார். திரை நிறையக் குழந்தை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உலகத்தின் மேல் ஏதோ கோபத்தில் இருந்தது.

"அக்கா! வந்து பாரு!"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையை ரொம்ப நேரம் பார்த்தாள். "மூக்கு அவரோடது" என்றாள். பிறகு, "சதுரங்கம்?"

"புத்தம்புதுசா இருக்கு. திறந்து பாரு."

திறந்தாள். யாரோடு ஆடுகிறீர்கள் என்று கேட்டது. தொடக்கநிலை, இடைநிலை, வல்லுநர். அக்கா பட்டியலை மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள். மூன்றே பேர்தான் இருந்தார்கள்.

"இவங்கள்லாம் யாரு?" என்றாள். "வீட்டுக்காரரைக் காணோமே."

"எந்த வீட்டுக்காரர்?"

யாரிடமும் சொல்லாததை அக்கா இப்போது சொல்லும்படி ஆயிற்று. கூடத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி, நாலைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். ஆலோசகரின் மனைவி எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனும் முதலில் எலி செத்ததா என்றுதான் பார்ப்பான். ஆலோசகர், "குழந்தை படம் வருதில்ல?" என்றார். மனைவி பார்த்த பார்வையில் அக்கா பக்கம் திரும்பினார்.

"பேக்கப் எடுத்து வெச்சிருக்கியா அக்கா?"

"அப்படின்னா?"

"வேறொரு இடத்துல ஒரு நகல்..."

"அவருக்கா?" என்றாள் அக்கா.

அழித்ததை மீட்கும் கருவிகள் சில உண்டு. ஆலோசகர் எல்லாவற்றையும் ஓட்டினார். வட்டில் அழித்த இடத்தின் மேலேயே புதிய சதுரங்கம் எழுதப்பட்டுவிட்டிருந்தது. அதை எழுதியவரும் அவர்தான். நிறைய மீண்டு வந்தது: குறிப்பேட்டின் சின்னம், உலாவியின் சின்னம், நீக்கும் கருவியின் உதவிக் குறிப்பு. குப்பை முழுக்கத் திரும்பிவிட்டது. வீட்டுக்காரர் மட்டும் ஒரு பெயராக வந்தார். அளவு பூஜ்யம்.

அக்கா அவருக்குக் கொண்டுவந்து வைத்த காபி ஆறிப் போயிருந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் தேவைக்கு மேல் நீண்டது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆலோசகர் அறிவியல் பேசினார். அது மாமா இல்லை, மாமாவின் ஆட்டத்தைப் பற்றிய புள்ளிவிவரம் என்றார். எண்கள் என்றார். "சரி, எண்தான்" என்றாள் மனைவி. "உங்க அம்மா நம்பரை ஏன் இன்னும் போன்லேர்ந்து எடுக்கலை?"

மறுநாளே அவர் ஒரு திட்டத்தோடு வந்தார். பெரிய மனிதர்கள் மன்னிப்புக் கேட்பதில்லை, திட்டம் கொண்டுவருவார்கள்.

"மாமா எப்படி ஆடுவாருன்னு நீ சொல்லு. நான் அப்படியே ஆடறேன். அது என்னைப் பாத்துக் கத்துக்கும். கொஞ்ச நாள்ல வீட்டுக்காரர் வந்துடுவாரு."

அக்காவுக்கு நம்பிக்கை வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாற்காலி அதிகம் போட்டாள். அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஆலோசகர் மத்தியானம் மத்தியானம் வந்தார். 'வீட்டுக்காரர்' என்று அவரே தட்டெழுதினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"முதல்ல குதிரையை எடுப்பாரு. எப்பவும் வலது பக்கத்துக் குதிரை."

"ஏன்?"

"இடது பக்கத்துக்கு அதிர்ஷ்டம் இல்லையாம். அப்புறம் ராணியைச் சீக்கிரமே வெளிய கொண்டாந்துடுவாரு. வேண்டாம்னாலும் கேக்க மாட்டாரு."

"அது தப்பாச்சே அக்கா."

"தப்புதான். நீ வை."

ஆலோசகர் வைத்தார். எதிராளியாக இருந்த இடைநிலை ஆட்டக்காரன் ராணியைத் துரத்தினான்.

"இப்ப கோட்டை கட்டுவாரு."

ஆலோசகர் கணினி எலியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

"கோட்டைடா. ராஜாவை ரெண்டு கட்டம் தள்ளி, யானையை இந்தப் பக்கம் கொண்டுவர்றது. தெரியாதா?"

"தெரியும். இந்த நிரல்ல எப்படின்னு பாக்கறேன்."

"எல்லா நிரல்லயும் அப்படித்தான்" என்று அக்கா எலியை வாங்கி நகர்த்திக் காட்டினாள். வெகுநாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள். "தோக்கப் போறாருன்னு தெரிஞ்சா யானையைச் சும்மா தூக்கிக் குடுத்துடுவாரு. கோவம். அப்புறம் அந்த யானைக்காக ரெண்டு நாள் வருத்தப்படுவாரு."

தொடக்கமும் முடிவும் அவளுக்கு மனப்பாடம். சிக்கல் நடுவில் வந்தது. பலகையில் காய்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கி நிற்கும்போது, "இங்க என்ன பண்ணுவாரு?" என்று ஆலோசகர் கேட்டால் அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசிப்பாள். ஒருநாள் மந்திரி என்றாள். அடுத்த நாள் அதே மாதிரி இடத்தில் சிப்பாய் என்றாள்.

"நேத்து மந்திரின்னியே?"

"சொன்னேனா?"

"நல்லா ஞாபகப்படுத்திப் பாரு அக்கா. இங்க மாமா எதை எடுப்பாரு?"

அக்கா திரையைப் பார்த்தாள். கை தன்னால் நெற்றிப் பக்கம் போனது.

"தெரியலைடா" என்றாள். "அது தெரியாமத்தானே அதோட ஆடிட்டிருந்தேன்."

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். வழக்கமாகச் செருமலுக்குப் பின்னால் ஒரு வாக்கியம் வரும். அன்று வரவில்லை. அந்த இடத்தில் அவருக்குத் தோன்றியதை வைத்தார். அன்றிலிருந்து நடு ஆட்டம் முழுக்க அவருக்குத் தோன்றியதுதான். அக்கா முதல் குதிரையைச் சொல்வதையும் கொஞ்சநாளில் விட்டுவிட்டாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

ஒரு மத்தியானம், நிழல் தயாராகிவிட்டது என்று நிரல் அறிவித்தது. பட்டியலில் நாலாவது ஆளாக வீட்டுக்காரர் நின்றார். ஆலோசகர் எழுந்து நின்று, திறப்பு விழாவில் நாடாவைக் காட்டுகிறவர் போலக் கையை நீட்டினார்.

"இந்தா அக்கா. மாமா."

"ஆகட்டும்" என்றாள் அக்கா. "அப்புறமா ஆடறேன். இப்ப அடுப்புல பால் இருக்கு."

அலுவலகத்தில் விடுப்பும் தீர்ந்திருந்தது. அதன்பிறகு ஆலோசகர் தொலைபேசியில்தான் விசாரித்தார்.

"எப்படி ஆடறாரு?"

"நல்லா ஆடறாரு."

"ராணியை வெளிய கொண்டாறாரா?"

"ம். கொண்டாறாரு."

இதை ஆலோசகர் அலுவலகத்தில் நாலு பேரிடம் சொன்னார். இழந்ததை மீட்பதில் தொழில்நுட்பத்துக்கு எல்லையே இல்லை என்றும் சொன்னார். மை மாற்றிய விரலால் அதைக் காற்றில் எழுதியும் காட்டினார்.

வெயில் தொடங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அக்காவைப் பார்க்க வந்தார். பெண்கள் இருவரும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் கூப்பிட்டிருக்கிறாள், பேத்தியைப் பார்த்துக்கொள்ள அங்கே போகலாமா, போனால் இந்த வீட்டை என்ன செய்வது என்பது பேச்சு. ஆலோசகர் கூடத்தில் தனியாக இருந்தார். கணினியின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. எடுத்துப் பார்த்தார். துண்டுக்கு மேலே தூசு இருந்தது, கீழே இல்லை.

சதுரங்கத்தைத் திறந்தார். வீட்டுக்காரர் பெயரைச் சொடுக்கினார். நிழல் உருவான பிறகு அதோடு ஆடப்பட்ட ஆட்டங்கள் எத்தனை என்று பெயருக்குக் கீழே நிரல் காட்டும். ஒன்றுகூட இல்லை.

சமையலறையில் அக்காவின் குரல் கேட்டது. "அவனுக்குக் காபியில சர்க்கரை கம்மியா போடு. அன்னிக்குத் தூக்கலாப் போச்சு போல, முகம் ஒரு மாதிரி இருந்தது, பாவம்."

ஆலோசகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காபி வருவதற்குள் அதோடு ஒரு ஆட்டம் ஆடினார். தோற்றுப்போனார்.